முன்னால் மோரிஸ், பின்னால் ஃபியட்

கண்ணாடியைத் திறக்கிற திருகு ஃபியட்டில் கிடையாது. மோரிஸில்தான் உண்டு. கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில் பித்தளையில் ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்தி முன்கண்ணாடியை வெளிப்பக்கமாகத் தள்ளினால் அடிப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், காற்று நேராக முகத்தில் அடிக்கும். முப்பத்தெட்டில் செய்த வண்டிக்கு அந்த வசதி இருந்தது, அறுபத்திநாலில் செய்த வண்டிக்கு இல்லை. இது எனக்கே தெரியும். வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்ததுதான். அப்படியிருக்க அவர் எதற்கு ஃபியட்டின் கதவைத் திறந்து, மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டு அந்தத் திருகைத் தேடினார்? ‘மழை இல்லாத நாள்ல இந்தக் கண்ணாடிய இப்பிடித் தள்ளி வுட்டுட்டா, ஃபேன் எதுக்குங்க, ஏசி எதுக்குங்க’ என்று மைக்கில் சொல்லிக்கொண்டேதான் தேடினார். விரல்கள் டேஷ்போர்டின் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயின, திரும்பி வந்தன, மறுபடியும் போயின. கரண்டு போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிற மாதிரி. காலையில் பந்தயச் சாலையில் பழைய வண்டிக் கண்காட்சி, மரங்களுக்கடியில் அத்தனை வண்டிகள், அத்தனை ஜனம், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறவர்கள். கிளப் செயலாளர் நாகமாணிக்கம்தான் முதலில் சிரித்தார். ‘சென்னியப்பண்ணன் இன்னிக்கு நம்மளுக்கெல்லாம் பரீட்சை வெக்கறாரு, எந்த வண்டி எதுன்னு யாருக்குத் தெரியுதுன்னு பாக்கறாரு’ என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் முதலில் சிரிக்கவில்லை. எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார், அதற்கப்புறம்தான் சிரித்தார். நான் பார்த்தேன். கூட்டத்தில் நான் ஒருத்திதான் அதைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

இப்போது மோரிஸ் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. சுங்கம் தாண்டி திருச்சி ரோட்டில் ஏறிவிட்டோம். மோரிஸின் பின்கண்ணாடி சின்னது, ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி அளவுதான், அதில் அவருடைய பின்னந்தலை தெரிகிறது. வெள்ளைத் தலை, காலையில் நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையின் காலர். எப்போதும் இப்படித்தான். முன்னால் மோரிஸில் அவர், பின்னால் ஃபியட்டில் நான். பெரியவள் முன்னால் போவாள், சின்னவள் பின்னால் வரோணும் என்று அவர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார், எந்தக் காரணத்துக்கும் ஃபியட் மோரிஸைத் தாண்டக் கூடாது. மோரிஸ் வழியில் நின்றுபோனால் பின்னால் வருகிற நான்தான் நின்று உதவ வேண்டும், முன்னால் போய்விட்டால் யாருக்குத் தெரியும். நியாயமான சட்டம்தான். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், பைக்கில் போகிற பையன்கள் வீடியோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், ஒருத்தன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறான், நான் சிரிக்கிறேன், சிரித்துத்தான் ஆக வேண்டும். சீட்டின் ரெக்சின் வெயிலில் காய்ந்து முதுகைச் சுடுகிறது. பெட்ரோல் வாசம். இந்த வாசம் எனக்கு ஆகவே ஆகாது. அவருக்கு அது சந்தனம், எனக்குத் தலைவலி. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. எங்கள் மகள் ஹேமா கல்யாணம் முடிந்து ஓசூருக்குப் போனதற்கு அடுத்த மாசம், வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று இந்த ஃபியட்டை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, ‘மணி, இது உனக்கு’ என்றார். எனக்கு என்று வாங்கி வந்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. சரிங்க மாமா என்றேன். பம்புசெட் பட்டறையை வாடகைக்கு விட்டபிறகு அவருக்கு இந்த இரண்டும்தான் தொழில், இந்த இரண்டும்தான் பேச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி குடித்த கையோடு வண்டி நிறுத்துகிற செட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார், இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஆரம்பிப்பார். மோரிஸ் இப்படி, ஃபியட் அப்படி. எந்த வரிக்கு அடுத்து எந்த வரி என்று எனக்கு மனப்பாடம். சமையலறையில் இருந்தே கேட்கும். கேட்டுக் கேட்டு, அவர் பேச ஆரம்பித்ததும் நான் கேட்பதை நிறுத்திவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன், நாகமாணிக்கத்தின் சம்சாரம் கட்டியிருந்த புடவையைப் பார்த்தபடி. அப்போதுதான் ‘முப்பத்தெட்டு மாடலுங்க இது’ என்று காதில் விழுந்தது, நிமிர்ந்து பார்த்தால் அவர் கை ஃபியட்டின் பானெட்டின் மேல் இருந்தது.

ஜோக்காக இருக்கலாம். நாகமாணிக்கம் சொன்ன மாதிரி பரீட்சையாக இருக்கலாம். ஆனால் அவர் வண்டி விஷயத்தில் ஜோக் அடிக்க மாட்டார். சாமி விஷயத்தில் அடிப்பார், என்னை வைத்து அடிப்பார், தன்னுடைய தொப்பையை வைத்து அடிப்பார், வண்டி விஷயத்தில் மாட்டார். ஃபியட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு மோரிஸின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். வால்பாறை எஸ்டேட்டில் வண்டியின் கூண்டு மட்டும் கிடந்தது, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது, எல்லாம். அப்புறம் திரும்பி மோரிஸின் பக்கம் வந்து, ரிடையர்டான ஹெட்மாஸ்டர் ஒருத்தர் கண்ணீர் விட்டுக்கொண்டே கொடுத்தார் என்று ஃபியட்டின் கதையைச் சொன்னார். ஒரு வரி பிசகவில்லை. கதைகள் சரி, வண்டிகள்தான் மாறிப் போயிருந்தன. இரண்டு குழந்தைகளைப் பேர் மாற்றிக் கூப்பிட்டால்கூட அது வாய் தவறியது. கையும் எப்படித் தவறும்? அந்தத் திருகைத் தேடிய கை. ராமநாதபுரம் சிக்னல். மோரிஸ் நிற்கிறது, நல்லபடியாகத்தான் நிற்கிறது, கோட்டுக்கு முன்னாலேயே. பார், நன்றாகத்தானே ஓட்டுகிறார். ஒரு போன் போட்டு, மாமா, தாகமா இருக்குது, எங்காவது ஓரமா நிறுத்துங்க, இளநீர் குடிக்கலாம் என்று சொன்னால் என்ன. குரலைக் கேட்டால் போதும், குரலில் தெரிந்துவிடும். போடுகிறேன். மணி அடிக்கிறது. மணி எனக்குப் பக்கத்தில் அடிக்கிறது. சீட்டில் கிடக்கிற என் கைப்பைக்குள்ளிருந்து, அவருடைய போன், காலையில் சட்டைப் பை தொங்குது வச்சுக்கோ என்று கொடுத்தது. சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், பைக்குள் போன் அடிக்கிறது, நான் கியரைப் போடுகிறேன்.

போன மாசம் உப்பு. ரசத்துக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டார், போட்டேன் என்றேன், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்டார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்கு முன்னால் ஹேமாவிடம் போனில் பேசும்போது பாப்பாத்தி, பாப்பாத்தி என்றே பேசினார். அது அவருடைய தங்கச்சி, செத்துப் பல வருஷம் ஆகிறது. ஹேமா, ‘அப்பாவுக்கு அத்தை ஞாபகம் வந்துருச்சு போல’ என்றாள், நானும் ஆமாம் சாமி, திதி வருதில்ல என்றேன். திதிக்கு இன்னும் நாள் இருந்தது, அது எனக்கு அப்போதே தெரியும். ஒரு நாள் விடிகாலையில் செட்டில் துணியோடு நின்றுகொண்டிருந்தார். என்ன மாமா என்றதற்கு, ‘எதத் தொடச்சேன்னு பாத்துட்டு இருக்கறேன்’ என்றார். இரண்டு வண்டியும் பளபளவென்றுதான் இருந்தன. போய்க் காப்பி போடு என்றார், போனேன். காப்பி போட்டேன். இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வருகிறதே, இத்தனை நாள் எங்கே இருந்தன இவையெல்லாம்? எனக்குத் தெரிந்துதான் இருந்ததா? தெரிந்துகொண்டே சட்டியைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தேனா? இல்லை, வயசானால் வருகிற மறதி, அவருக்கு எழுபத்திரண்டு ஆகிறது, எனக்கே பீரோவைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தேன் என்று மறந்துபோகிறது. ஆனால் நான் பீரோவை அரிசிப் பானை என்று நினைத்துத் திறப்பதில்லை. மறப்பது வேறு, மாறிப் போவது வேறு. யாரிடம் கேட்பது. டாக்டரிடம் போகலாம் என்றால் எனக்கு என்ன கேடு என்பார். ஹேமாவிடம் சொன்னால் அழுவாள், அல்லது உடனே கிளம்பி வருவாள், வந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்குத் தெரியுமா? அந்த ஒரு தடவை எல்லோர் முகத்தையும் பார்த்தாரே, அப்போது அவர் கண்ணில் இருந்தது என்ன? எனக்கு அந்தப் பார்வை தெரியும், எங்கே பார்த்திருக்கிறேன் என்றுதான் தெரியவில்லை. ஒண்டிப்புதூர் வரப்போகிறது. வலது பக்கம் திரும்பினால் நான்காவது தெரு, வீடு. வீட்டுக்குப் போய்விட்டால் சரியாகிவிடும். வெயிலில் நின்றதுதான். மோர் கரைத்துக் கொடுத்துப் படுக்கச் சொல்ல வேண்டும்.

மோரிஸின் கை நீள்கிறது. மோரிஸில் இண்டிகேட்டர் விளக்கு கிடையாது, கதவுத் தூணுக்குள்ளிருந்து சின்னக் கை மாதிரி ஒன்று வெளியே விழும், அதற்குள் மஞ்சளாக விளக்கு எரியும். வலது கை. அப்பாடா. பார், மாமாவுக்குத் தெரிகிறது, திருப்பம் தெரிகிறது, வீடு தெரிகிறது, நான்தான் ஒன்றுமில்லாததைப் பெரிசாக்கிவிட்டேன். நானும் இண்டிகேட்டரைப் போட்டு வலது ஓரத்துக்கு வருகிறேன். எதிரே ஒரு டவுன் பஸ், அது போகட்டும். மோரிஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. திருப்பம் வருகிறது, மருந்துக் கடை, பேக்கரி, தெருமுனையில் எங்களுக்கு இஸ்திரி போடுகிறவரின் வண்டி, எல்லாம் வருகிறது, போகிறது. மோரிஸ் நேராகப் போகிறது. அந்தச் சின்னக் கையை வலது பக்கம் நீட்டியபடியே நேராகப் போகிறது. நான் பாதி திருப்பியிருந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கி நேராக்குகிறேன், பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் கத்துகிறார், என்ன கத்துகிறார் என்று எனக்குக் கேட்கவில்லை. பெட்ரோல் போடப் போகிறாரோ. வந்த வழியிலேயே பங்க்கைத் தாண்டிவிட்டோமே. யாரையாவது பார்க்கப் போகிறாரோ. இருகூரில் அவருடைய பழைய பட்டறை ஆள் ஒருவர் உண்டு, அங்கேயா? இருகூர்ப் பிரிவும் வருகிறது, போகிறது. அந்தக் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டியும் மோரிஸ் திரும்பப் போகிறது என்று நினைத்துத் தயங்கி, அப்புறம் திட்டிக்கொண்டே இடது பக்கமாகத் தாண்டிப் போகிறது. கையை மடக்குங்கள் மாமா. மடக்குங்கள். ஹாரன் அடிக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கணக்கு உண்டு, ஒரு தடவை அடித்தால் மெதுவா, இரண்டு தடவை அடித்தால் நில்லுங்க. இரண்டு தடவை அடிக்கிறேன். மறுபடி இரண்டு. பின்கண்ணாடியில் அந்த வெள்ளைத் தலை அசையவேயில்லை.

சிந்தாமணிப்புதூர் நால்ரோட்டில் மோரிஸ் தாண்டுகிறபோது சிக்னல் சிவப்பாகிவிட்டது. அவர் போய்விட்டார். நான் நின்றுவிட்டேன். எனக்கும் அவருக்கும் நடுவில் பைபாஸ் ரோட்டு லாரிகள் குறுக்கே போகின்றன, ஒன்று போனால் இன்னொன்று, வீடு மாதிரி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, அவற்றின் இடைவெளியில் ஒரு தடவை மோரிஸின் கறுப்பு முதுகு தெரிந்தது, அடுத்த லாரி போனபிறகு தெரியவில்லை. இந்த ரோடு பல்லடம் போகும், காங்கயம் போகும், கரூர், திருச்சி, அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகும். டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியுமா? பாப்பாத்தி காணாமல் போன கோழிக்குஞ்சைத் தேடிய கதையை அவர் ஏன் போன வாரம் நேற்று நடந்த மாதிரி சொன்னார்? எதற்கு இப்போது கோழிக்குஞ்சு? பச்சை. மூன்றாவது கியர் போட்டு, நான்காவது போட்டு, இந்த ஃபியட்டை நான் இதுவரை மிதித்திராத மிதி மிதிக்கிறேன். என்ஜின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிறகு கிளம்பிப் போகிறது, எனக்கே ஆச்சரியம், இதற்குள் இவ்வளவு ஓட்டம் இருந்ததா, இத்தனை வருஷமும் மோரிஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்துகொண்டிருந்ததா? சூலூர்க் குளம் வருகிறது. தலைக்கு மேலே ஏர்போர்ஸ் விமானம் ஒன்று காதைப் பிய்த்துக்கொண்டு போகிறது. அதோ. அதோ மோரிஸ், குளத்தங்கரை ஓரமாக, அதே நிதானத்தில், கையை நீட்டிக்கொண்டு. தாண்டக் கூடாது என்று உடம்பு சொல்கிறது. பெரியவள் முன்னால், சின்னவள் பின்னால். தாண்டுகிறேன். பக்கத்தில் வரும்போது திரும்பி அவர் முகத்தைப் பார்க்கிறேன். சந்தோஷமாக இருக்கிறார். கண்ணாடியைத் திறந்துவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, தலைமுடி பறக்க, ஒரு கவலையும் இல்லாத முகம். என்னைப் பார்க்கிறார். சக டிரைவருக்குச் சொல்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்க்கிறார்.

முன்னால் போய், ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் வாகை மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, கையைக் காட்டுகிறேன். மோரிஸ் வேகம் குறைந்து, ஓரம் வந்து, எனக்குப் பின்னால் நிற்கிறது. நின்றது. நின்றுவிட்டது. இனி என்ன ஆனாலும் சரி. அவர் இறங்கி வருகிறார், கையில் எப்போதும் வைத்திருக்கிற மஞ்சள் துணி.

“என்னுங்க, வண்டி நின்னு போச்சுங்களா?” என்கிறார்.

அந்த ங்க. எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ங்க போடுவார்கள், நாய்க்குட்டிக்கும் போடுவார்கள். இவர் எனக்குப் போட்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே ‘உம் பேரு என்ன’ என்று கேட்டவர்.

“மாமா” என்கிறேன்.

அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்க்கிறார். நான் வேறு யாரையோ கூப்பிட்டதாக நினைத்து. அங்கே யாரும் இல்லை என்றதும் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிக்கிறார்.

“வெய்யல்ல நிக்காதீங்க, இப்பிடி நெழல்ல வாங்க. தனியாப் பழைய வண்டிய எடுத்துட்டு வந்திருக்கறீங்களே, தைரியந்தானுங்க. அறுபத்திநாலு மாடலுங்களா?”

என் வாய் ஆமாங்க என்கிறது. வாய்க்கு எப்படியோ தெரிகிறது.

“பாத்ததுமே நெனச்சேன். எங்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு நிக்குதுங்க, கலரு கூட இதே சாம்பல்தான். ஆனா வெளிய எடுத்தா நான் இதுலதான் போறது.” மோரிஸைக் காட்டுகிறார். “ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னா, இது முப்பத்தெட்டுங்க. இதச் செஞ்சவன் ரோட்ட நம்பல. அந்தக் காலத்துல ரோடு ஏது? அதனால சக்கரம் ஒசரம், ஒல்லி. குண்டு குழியெல்லாம் ஏறி எறங்கிப் போயிரும். உங்க வண்டியச் செஞ்சவன் ரோட்ட நம்புனான். தணிவாச் செஞ்சான், வெரசா ஓடற மாதிரி செஞ்சான். இதுல போனா வழியப் பாக்கலாம், அதுல போனா ஊரு போய்ச் சேரலாம். எது ஒசத்தின்னு கேக்கறாங்க. எப்பிடிங்க சொல்றது?”

ஒரு வரி மாறவில்லை. காலையில் அத்தனை பேருக்கு முன்னால் தலைகீழாகப் போன பேச்சு, இந்த டீக்கடை ஓரத்தில், எனக்கு ஒருத்திக்கு, வரிக்கு வரி சரியாக வருகிறது. மோரிஸ் மோரிஸாக இருக்கிறது. ஃபியட் ஃபியட்டாக இருக்கிறது. அவருக்கு எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டன, நான் மட்டும் வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று மட்டும் தெரிகிறது. பெட்ரோல் வாசம்கூட வரவில்லை. என்னைக் கூட்டிப் போய் மோரிஸின் முன்கண்ணாடியைக் காட்டுகிறார், திருகின் மேல் விரல் தானாகப் போய் உட்காருகிறது, ‘இந்த வசதி உங்க வண்டில கெடையாதுங்க’ என்கிறார். கெடையாதுங்க என்கிறேன்.

“எங்க போயிட்டிருக்கறீங்க?” என்று கேட்கிறேன். என் குரல் யாரோ விசாரிக்கிற மாதிரிதான் வருகிறது.

“வூட்டுக்குத்தானுங்க. வூட்டுல அவ பாத்துட்டிருப்பா.”

“யாருங்க?”

“எங்க வூட்டுக்காரி. அவளும் ஓட்டுவாளுங்க, இதே ஃபியட்டுதான். ஆனா பாருங்க, அவளுக்கு வண்டின்னாலே ஆகாது. பெட்ரோல் வாசம் பட்டாத் தலைவலி வந்துரும். வெளிய சொல்லவே மாட்டா. சொன்னா நான் சங்கடப்படுவேன்னு நெனச்சுக்குவா.”

ரோட்டில் ஒரு பஸ் போகிறது. அது போகிறவரைக்கும் நான் காத்திருக்க வேண்டியிருக்கிறது, மூச்சு விடுவதற்கு. தெரியுமா. தெரிந்துதான் இருந்ததா. ஒவ்வொரு தடவையும் சாவியை நீட்டியபோது, சரிங்க மாமா என்று நான் வாங்கிக்கொண்டபோது, எல்லாம் தெரிந்துதானா?

“தெரிஞ்சும் ஏனுங்க அவங்களை வண்டி எடுக்கச் சொல்றீங்க?”

அவர் யோசிக்கிறார். மஞ்சள் துணியை மடிக்கிறார், பிரிக்கிறார்.

“தப்புத்தானுங்க. ஆனா அவ பின்னால வர்றான்னாத்தான் எனக்கு முன்னால போறதுக்குத் தைரியம் வருது.”

இதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டார், டீக்கடை ஓரத்தில். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபமாகக்கூட வருகிறது. என்ன செய்வது, இப்போது என்ன செய்வது, இவரை மோரிஸில் திரும்ப ஏற்றக் கூடாது, அது ஒன்றுதான் நிச்சயம். நான் உங்கள் பெண்டாட்டி என்று சொன்னால் பயந்துவிடுவார். பயந்தால் வண்டியில் ஏறிப் போய்விடுவார். மோரிஸை எனக்கு ஓட்ட வராது. என் வாய் மறுபடி எனக்கு முன்னால் போகிறது.

“எங்க வண்டில ஏதோ சத்தம் வருதுங்க. நின்னா வர்றதில்ல, ஓடறப்பத்தான் வருது. கொஞ்சம் கூட உக்காந்து கேட்டுச் சொல்றீங்களா?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அதுக்கென்னுங்க” என்கிறார். மோரிஸைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறார். டீக்கடைக்காரரிடம் நான் ஓடிப் போய், அண்ணா, அந்த வண்டிய ஒரு ரெண்டு மணி நேரம் பாத்துக்குங்க, ஆள் அனுப்பறேன் என்கிறேன். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரிங்கம்மா என்கிறார்.

வண்டியைத் திருப்பி வந்த வழியே ஓட்டுகிறேன். அவர் என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இந்த சீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அங்கே எப்போதும் கைப்பைதான் இருக்கும். தலையைச் சாய்த்து, ஒரு கையை டேஷ்போர்டின் மேல் வைத்து, கண்ணை மூடிக் கேட்கிறார். மூணுல போடுங்க என்கிறார். போடுகிறேன். இப்ப நாலு. போடுகிறேன். கொஞ்சம் மிதிங்க. குளம் போகிறது. நால்ரோடு வருகிறது, பச்சை, தாண்டுகிறோம். இல்லாத சத்தத்தை இவ்வளவு கவனமாக ஒரு மனுஷன் கேட்பதை எப்படிப் பார்ப்பது, நான் ரோட்டைப் பார்க்கிறேன். நாளைக்கு ஹேமாவிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல்ல வேண்டும். நல்ல டாக்டர் யார் என்று விசாரிக்க வேண்டும், இதற்கு மருந்து உண்டா, இல்லை என்றால் எவ்வளவு நாள், எதற்கு எவ்வளவு நாள், ராத்திரி தூங்கும்போது பக்கத்தில் படுத்திருப்பது யார் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்.

“ஒண்ணுமே இல்லீங்க” என்று கண்ணைத் திறக்கிறார். “என்ஜின் கணக்கா ஓடுது. வண்டிய யாரு பாத்துக்கறாங்க?”

“எங்க வீட்டுக்காரருங்க.”

“நல்லா வச்சிருக்காரு. கையி தெரிஞ்ச ஆளு. போனதும் அவருகிட்டச் சொல்லிருங்க, சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல, வண்டி நல்லா இருக்குதுன்னு. பழைய வண்டி வச்சிருக்கறவனுக்கு இதே கவலதானுங்க.”

“சொல்றேனுங்க” என்கிறேன். ரோடு கலங்கிப் போகிறது, புடவைத் தலைப்பால் ஒரு கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, மற்றக் கண்ணால் ஓட்டுகிறேன்.

ஒண்டிப்புதூர். மருந்துக் கடை. திருப்புகிறேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு வருகிறார். வீட்டு வாசலில் நிறுத்தியதும், நான் சொல்வதற்கு முன்னாலேயே இறங்கிப் போகிறார், கேட்டின் கொண்டியை அடியில் ஒரு தட்டுத் தட்டித் தூக்குகிறார். அந்தத் தட்டு இல்லாமல் அது திறக்காது, அது இந்த வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். கை தெரிந்து தட்டியதா, தானாகத் தட்டியதா? நான் வண்டியை உள்ளே விட்டு செட்டில் நிறுத்துகிறேன். என்ஜினை அணைத்ததும் அவ்வளவு அமைதி. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. அவர் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, செட்டின் வாசலில் நின்று, ஃபியட்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற இடத்தைப் பார்க்கிறார். வெகுநேரம் பார்க்கிறார்.

“மணி” என்கிறார். “மோரிஸ் எங்க?”

மணி. சூலூரிலிருந்து இதுவரைக்கும் இந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், எந்தச் சாமியிடம் என்றுகூடத் தெரியாமல். வந்துவிட்டது. வந்து, இந்தக் கேள்வியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கதவைத் திறந்து இறங்குகிறேன். ஏதாவது சொல்லிவிடலாம், நாகமாணிக்கத்தின் வீட்டில் விட்டுவிட்டு வந்தோமே மாமா, மறந்துட்டீங்களா என்று சொன்னால் முடிந்தது, நம்பிவிடுவார், இன்றைக்கு எதைச் சொன்னாலும் நம்புவார். அப்படி நம்புவார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“சூலூர்ல நிக்குதுங்க மாமா. பத்திரமா இருக்கு. நீங்க மொதல்ல இப்பிடி உக்காருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

அவர் உட்காரவில்லை. என் முகத்தைப் பார்க்கிறார், என் கையைப் பார்க்கிறார், அது நடுங்குவதைப் பார்க்கிறார். கிட்டே வந்து அந்தக் கையைப் பிடிக்கிறார்.

“நீ ஓட்டுனியா? இடிச்சுட்டியா?” என்கிறார். “இடிச்சாப் போகுது வுடு மணி, இரும்புதான. உனக்கு எங்கியும் அடிபடலயே?”

“எனக்கு ஒண்ணும் அடிபடலீங்க மாமா” என்கிறேன்.